பசங்க பந்தயத்தை எப்படிப் பார்க்கறாங்க? உங்க ஊர்ல எப்படி?

கொங்குப்பொண்ணு, மெல்பர்ன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க பல நாட்டுல இருக்கறவங்க எழுதறீங்க, அதனாலதான் இந்தக் கேள்வி.

நாங்க ஈரோட்டுப் பக்கம். பையன் வளர்ந்தது மெல்பர்ன்லதான். 16 வயசு, ஃபுட்டி (இந்த நாட்டு ஃபுட்பால்) கிளப்ல ஆடறான். சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் பசங்களை வண்டில ஏத்திட்டு வருவேன். பின் சீட்டுப் பேச்செல்லாம் மல்டி பத்தித்தான். நாலஞ்சு முடிவைச் சேர்த்து ஒரே பந்தயமாக் கட்டறதுக்குப் பேர் மல்டி. இந்த டீம் ஜெயிக்கணும், அந்த ஆள் ரெண்டு கோல் போடணும், இன்னொரு மேட்ச்ல இத்தனை பாயின்ட் தாண்டணும், அத்தனையும் நடந்தாத்தான் காசு. ஒண்ணு தவறினாலும் போச்சு. பசங்களுக்கு 18 ஆகலை, கணக்கு திறக்க முடியாது. ஆனா ஒருத்தனோட அண்ணனுக்கு ஆயிடுச்சு. அவன் ஃபோன்ல அஞ்சு டாலர், பத்து டாலர்னு கூட்டாக் கட்டறாங்க. எம் பையன் தான் கட்டலைங்கறான். நான் நம்பறேன். ஆனா அது தப்புங்கற நினைப்பே அவன் பேச்சுல இல்லை.

சுத்தியும் அப்படித்தான் இருக்கு. நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை குதிரைப் பந்தயத்துக்குன்னே இந்த ஊருக்கு அரசாங்க லீவு. நான் வேலை பார்க்கற முதியோர் இல்லத்துல அன்னைக்கு ஆளுக்கு ரெண்டு டாலர் போட்டு, குதிரை பேர் எழுதின சீட்டைத் தொப்பிக்குள்ள இருந்து எடுப்போம். தள்ளாத வயசுப் பாட்டிங்க கூட ஆசையா எடுப்பாங்க. குடும்பத்தோட கம்மி விலைல சாப்பிடணும்னா கிளப்புக்குப் போவோம். அங்க குழந்தைங்க விளையாடற இடத்துக்கு ஒரு சுவர் தள்ளி போக்கீஸ்ங்கற சூதாட்ட மெஷின் வரிசையா மினுக்கிட்டு இருக்கும். டிவில மேட்ச் போட்டா இடையிடையே பந்தய விளம்பரம். 2023ல இருந்து ஒவ்வொரு விளம்பர முடிவுலயும் 'நீங்க தோக்கத்தான் வாய்ப்பு அதிகம்'ங்கற மாதிரி ஏதாவது ஒரு எச்சரிக்கை வரணும்னு விதி. எம் பையன் அதை அதே குரல்ல சொல்லிக் காட்டிச் சிரிக்கறான். அதே வருஷம் பீட்டா மர்ஃபிங்கற எம்.பி. தலைமைல நாடாளுமன்றக் குழு ஒண்ணு 31 பரிந்துரை கொடுத்துச்சு. ஆன்லைன் சூதாட்ட விளம்பரம் எல்லாத்தையும் மூணு வருஷத்துல படிப்படியா நிறுத்தணும்னு அதுல இருக்கு. அந்தம்மா அந்த டிசம்பர்லயே புற்றுநோயில போயிட்டாங்க. அந்த அறிக்கையை நான் முழுசாப் படிச்சேன். பெத்தவங்க ஒவ்வொருத்தரும் படிக்கணும்.

ஒரு நாள் நேராவே கேட்டேன், "இது சூதாட்டம்தானேடா?" அவன் சொன்னான்: "போக்கீஸ்தாம்மா சூதாட்டம். அது மெஷின், மூளையே வேண்டாம். இது ஃபுட்டி தெரிஞ்சவனுக்கு." நான் தருமர் கதையைச் சொன்னேன். நாடு போச்சு, தம்பிங்க போனாங்க, பொண்டாட்டியவே வெச்சு ஆடினாருன்னு. அவன் நிதானமாக் கேக்கறான்: "தருமருக்கு ஆடத் தெரியாது, சகுனிக்குத் தெரியும். அதானே கதை?"

பதில் சொல்லத் தெரியலை. உங்க ஊர்ல இந்த வயசுப் பசங்க இதை எப்படிப் பார்க்கறாங்க? நீங்க என்ன பேசறீங்க?

---

ஒழுங்கை, லண்டன்:

வணக்கம் அக்கா. மாணவனா இருக்கேக்க ஈஸ்ற்ஹாமில ஒரு பெற்றிங் கடையில, பந்தயம் கட்டுற கடையில, வேலை செய்தனான். இப்ப கல்லூரியில 16, 17 வயசுப் பிள்ளையளுக்குக் கணிதம் படிப்பிக்கிறன். உங்கட மகன் சொன்ன கதையை ரெண்டு இடத்திலயும் கேட்டிருக்கிறன். அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

காலமை கடை திறந்தவுடன வாறது வயசான ஆக்கள். பேப்பரில குதிரைப் பக்கத்தை விரிச்சு வைச்சு, அந்தச் சின்னப் பேனையால சிலிப் எழுதி, ஒரு பவுண், ரெண்டு பவுண் கட்டிப்போட்டு இருந்து பாப்பினம். பெடியள் வாறது பின்னேரமும் இரவும். அவை கவுண்டர்ப் பக்கம் வராயினம், நேர மெசினுக்குத்தான். மெசினில ரூலெற், இலக்கமும் சிவப்பு, கறுப்பு நிறமும் போட்ட சக்கரம். 20 செக்கனுக்கு ஒருக்காச் சுத்தும், அந்த நேரம் ஒரு சுத்துக்கு 100 பவுண் வரைக்கும் வைக்கலாம். ஒரு கடையில நாலு மெசினுக்கு மேல வைக்கேலாது எண்டு சட்டம். அதுக்காகவே ஒரே தெருவில ஒரே கொம்பனி ரெண்டு மூண்டு கடை திறந்து வைச்சிருக்கும். எங்கட நியூஹாம் கவுன்சில்தான் முன்னுக்கு நிண்டு மற்றக் கவுன்சில்களையும் சேர்த்துக்கொண்டு இதைக் குறைக்கச் சொல்லிக் கேட்டது. 2019 ஏப்ரலில ஒரு சுத்துக்கு 2 பவுண் எண்டு குறைச்சாங்கள். அதுக்குள்ள எத்தினை குடும்பம் அழிஞ்சு போச்சுது.

ஒரு பெடியன் றெஸ்ரோறன்ற் குசினி வேலை முடிச்சு நேர கடைக்கு வருவான். உடுப்பெல்லாம் எண்ணெய் மணம். கையில ஒரு சின்னக் கொப்பி. ஒவ்வொரு சுத்திலயும் வந்த இலக்கத்தையும் நிறத்தையும் அதில எழுதுவான். கறுப்பு தொடர்ந்து வந்தால் "இனிச் சிவப்புத்தான் அண்ணை" எண்டு சொல்லி இரட்டிப்பா வைப்பான். அதே நேரம் கவுண்டரில ஒரு ஜமைக்கா அம்மா, பேரப்பிள்ளையளின்ர பிறந்த தேதியளை ஐரிஷ் லொத்தருக்கு 50 பென்ஸ் கட்டிக்கொண்டு நிப்பா. இவன் எனக்குத் தமிழில சொல்லுவான்: "பாருங்கோ, இந்த மனிசி காசைக் கரியாக்குது. அது வெறும் அதிஷ்டம். இது கணக்கு." அவன் ஒரு இரவில விட்ட காசு, அந்த அம்மா ஒரு வருசம் முழுக்கக் கட்டினாலும் வராது. கொப்பியில எழுதினதுக்கும் அடுத்த சுத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை எண்டு நான் சொல்லிப் பாத்தனான். படிச்ச பெடியன் தான், கேட்டுத் தலையாட்டுவான், திரும்பிப் போய் வைப்பான்.

இப்ப வகுப்பறைக்கு வாறன். இங்க தேசிய லொத்தர் 2021 வரைக்கும் 16 வயசிலயே வாங்கலாம், பிறகுதான் 18 ஆக்கினவை. ஆனால் என்ர பிள்ளையளுக்கு லொத்தரில துளியும் ஆசை இல்லை, அது அம்மம்மாவின்ர விளையாட்டு எண்டுவினம். சவுத்தெண்ட் கடற்கரைக்குப் போனால் ரெண்டு பென்ஸ் காசு தள்ளுற மெசின், பொம்மை தூக்குற மெசின் எல்லாம் எந்த வயசுக் குழந்தையும் விளையாடலாம், சட்டமே விடுகுது. அதை ஒருத்தரும் சூது எண்டு கணக்கெடுக்கிறேல்லை. 2024இல சூதாட்ட ஆணையம் வெளியிட்ட கணக்கில, 11 தொடங்கி 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளையளில 27 வீதம் பேர் முந்தின 12 மாசத்தில சொந்தக் காசை ஏதோ ஒரு விதத்தில இப்பிடிச் செலவழிச்சிருக்கினம். அதில இந்தக் கடற்கரை மெசினும் அடக்கம், கூட்டாளியளோட காசு வைச்சுப் பந்தயம் பிடிக்கிறதும் அடக்கம். பிரச்சினை எண்டு சொல்லக்கூடிய அளவுக்குப் போனவை 1.5 வீதம், அதுக்கு முதல் வருசம் 0.7. சின்ன இலக்கமாத் தெரியும். ஒரு பெரிய பாடசாலையில அது எத்தினை பிள்ளையள் எண்டு பெருக்கிப் பாருங்கோ.

உதைபந்தாட்டம் எண்டால் கதையே வேற. பிறீமியர் லீக் கழகங்களின்ர சேட்டில முன்னுக்குப் பந்தயக் கொம்பனிப் பேர் போடுறதை 2025-26 பருவத்தோட நிப்பாட்டுறதா அவையே 2023இல ஒத்துக்கொண்டவை. சேட்டின்ர கைப்பக்கத்தில போடுறதுக்குத் தடை இல்லை. பிள்ளை ஆறு வயசில இருந்து அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு வளருது. என்ர வகுப்பில ஒரு பெடியன்ர சொந்தக்காரர் நைரோபியில. அங்க 2007இல எம்-பேசா வந்து, சாதாரண போனிலயே காசு அனுப்பலாம் எண்டு ஆகிட்டுது. பிறகு எஸ்எம்எஸ் மூலமே பந்தயம் கட்டலாம் எண்டும் ஆகிட்டுது. 2017இல எவர்ட்டன் கழகத்தின்ர சேட்டில வந்த ஸ்போர்ட்பேசா கென்யாவின்ர பந்தயக் கொம்பனி. அந்தப் பெடியனின்ர மச்சான் வேலை தேடிக்கொண்டு இருக்கிற பட்டதாரி. இங்கிலாந்துக் கழகங்களில ஆருக்குக் காயம், ஆர் விளையாடேல்ல எண்டு எங்களை விட நல்லாத் தெரியுமாம். அந்த அறிவுக்கு ஒரு சம்பளம் எண்டுதான் அவன் பந்தயத்தை நினைக்கிறானாம்.

அக்கா, நான் கண்டது இதுதான். எந்த நாட்டுப் பிள்ளையும் சரி, பிழை எண்டு பிரிக்கிறேல்லை. அதிஷ்டம் ஒரு பக்கம், விசயம் தெரிஞ்சு விளையாடுறது மற்றப் பக்கம் எண்டு பிரிக்குது. "சூது கூடாது" எண்டு நீங்கள் சொன்னால் உங்கட மகன் முழு மனசோட ஒத்துக்கொள்ளுவான். ஏனெண்டால் அவன்ர மனசில சூது எண்டது போக்கீஸ். அதால தருமரைக் கொண்டு வந்து பிரயோசனமில்லை. "தெரிஞ்சவன் வெல்லுவான்" எண்ட அந்த இடத்திலதான் கை வைக்க வேணும்.

---

தோபாயோவாசி, சிங்கப்பூர்:

சகோதரி, இங்கே நிலைமை கொஞ்சம் வித்தியாசம். 4டி, டோட்டோ என்ற எண் குலுக்கல்கள் இரண்டும் சிங்கப்பூர் பூல்ஸ் நடத்துவது. 1968இல் அரசாங்கம் தொடங்கிய நிறுவனம், கள்ளச் சூதாட்டத்தை ஒடுக்க. எங்கள் தலைமுறைக்கு அது வாழ்க்கையோடு கலந்துவிட்டது. கண்ணெதிரே கார் இடித்துக்கொண்டால் நம்பர் பிளேட்டைப் பார்த்து 4டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சீனப் புத்தாண்டு சமயத்தில் டோட்டோ ஹொங்பாவ் (புத்தாண்டு அன்பளிப்புப் பணம்) குலுக்கலுக்கு வரிசை புளோக்கைச் சுற்றி நிற்கும்.

என் பிள்ளைகள் அந்த வரிசையில் நிற்க மாட்டார்கள். லண்டன் தம்பி எழுதியது இங்கேயும் பொருந்துகிறது, அவர்களுக்கு அது பெரியவர்களின் சமாச்சாரம். ஆனால் புத்தாண்டு அன்று நண்பர்கள் வீட்டுக்குப் போய் ஹொங்பாவ் காசை வைத்து பிளாக்ஜாக் ஆடுவார்கள். வீட்டுக்குள் குடும்பத்தோடும் நண்பர்களோடும் ஆடுவதைச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. என் மகள் ஆட்டத்தை அங்கேதான் கற்றுக்கொண்டாள்.

அரசாங்கம் இங்கே பிடித்துக்கொண்ட வழி, வாசலை உயரமாக்குவது. 2010இல் இரண்டு கேசினோ திறந்தபோதே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2019இல் அது 150 ஆனது. வெளிநாட்டுக்காரருக்கு இலவசம். வயது 21. பூல்ஸ் கடையில் நேரில் போய் வாங்க 18. வீட்டில் ஒருவர் எல்லை மீறினால் மனைவியோ பெற்றோரோ விண்ணப்பித்து அவரைக் கேசினோவுக்குள் விடாமல் தடுத்துவைக்கவும் ஏற்பாடு இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை அந்த உத்தரவு காப்பாற்றியது. அதனால் இதை நான் மதித்துச் சொல்கிறேன்.

ஒரு விளம்பரம் பற்றிச் சொல்ல வேண்டும். 2014 உலகக் கிண்ணத்தின்போது சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் வெளியிட்டது. பையன்கள் எந்த அணி ஜெயிக்கும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் மட்டும் வாடிய முகத்தோடு, ஜெர்மனி ஜெயிக்க வேண்டும், என் சேமிப்பு எல்லாவற்றையும் அப்பா ஜெர்மனி மேல் கட்டிவிட்டார் என்கிறான். பிறகு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று அடித்து, கிண்ணத்தையும் வாங்கிவிட்டது. உலகமே அந்த மன்றத்தைப் பார்த்துச் சிரித்தது. அவர்கள் உடனே விளம்பரத்தை மாற்றினார்கள். அப்பா கட்டிய அணி ஜெயித்ததே, சேமிப்பு திரும்பி வந்ததா என்று நண்பன் கேட்கிறான். இல்லை, அப்பா நிறுத்தவே மாட்டார், இன்னும் ஒரு தடவை கட்டப்போகிறாராம் என்கிறான் பையன்.

முதல் விளம்பரத்தைவிட இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் மகனிடம் தோற்றவன் கதையைச் சொல்லாதீர்கள். ஜெயித்தவன் அந்தக் காசை என்ன செய்கிறான் என்று கேளுங்கள்.

---

ஹாஸ்டல் வார்டன், கோயம்புத்தூர்:

இங்க பொறியியல் கல்லூரி ஹாஸ்டல்ல வார்டனா இருக்கேன். மேலே படிச்ச எல்லாமே என் வராண்டாவுல நடக்கிறதுதான்.

தமிழ்நாட்டுல லாட்டரியை 2003ல தடை பண்ணிட்டாங்க. என் பசங்க லாட்டரிக் கடையையே பார்க்காம வளர்ந்தவங்க. வாளையார் தாண்டினா கேரளா லாட்டரி, 1967ல இருந்து அரசாங்கமே நடத்துது. பாலக்காட்டுப் பையன் ஒருத்தன் ஓணம் பம்பர் டிக்கெட்டைக் காட்டினா இவனுங்க கேலி பண்றாங்க. அதே பசங்க ராத்திரி ஐபிஎல் டாஸுக்கு முன்னாடி படிக்கட்டுல வரிசையா உக்காந்து, காசு கட்டி ஆடற ஆப்ல கற்பனை டீம் போட்டுட்டு இருந்தாங்க. பதினோரு பேர் எடுக்கணும், கேப்டனுக்கு ரெண்டு மடங்கு பாயின்ட், வைஸ் கேப்டனுக்கு ஒண்ணரை. நுழைவு 49 ரூபாய். பிட்ச் ரிப்போர்ட் படிச்சு, பனி விழுமா விழாதான்னு வாதம் பண்ணி, செமஸ்டர் பரீட்சைக்குக் கூட அந்த உழைப்பு கிடையாது. லட்சக்கணக்கான டீம்ல முதல் இடம் வந்தாத்தான் கோடி ரூபாய்ப் பரிசு. அதைக் கேட்டா, "சார், இது ஸ்கில் கேம், கோர்ட்டே சொல்லிருக்கு"ன்னு ஒரே பதில்.

கோர்ட் சொன்னதும் உண்மைதான். ரம்மி முக்கியமாத் திறமை ஆட்டம்னு உச்ச நீதிமன்றம் 1960கள்லயே சொல்லிடுச்சு. அது கிளப்ல நாலு பேர் மேஜை போட்டு ஆடின ரம்மி. அந்தத் தீர்ப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆப்காரங்க இத்தனை வருஷம் ஓட்டினாங்க. தமிழ்நாடு 2021ல ஆன்லைன் ரம்மிக்குக் கொண்டு வந்த தடையை ஆகஸ்ட் மாசம் உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. காசை விட்டவங்க தற்கொலைகள் தொடர்ந்ததும் 2022ல நீதிபதி சந்துரு குழு, அப்புறம் புதுச் சட்டம். ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேத்தி, 2023 ஏப்ரல்லதான் ஒப்புதல் வந்துச்சு. அந்த நவம்பர்லயே ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அதைத் தடை பண்ண முடியாதுன்னு மறுபடி தீர்ப்பு. ஒவ்வொரு தீர்ப்பும் வந்த மறுநாள் பசங்க எனக்கு லிங்க் அனுப்புவாங்க.

2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் போட்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டத்தை மொத்தமா நிறுத்திடுச்சு. ஆடறவனுக்குத் தண்டனை இல்லை, நடத்தறவனுக்குத்தான். எனக்கு நிம்மதி. படிக்கட்டு காலியாச்சு. ஆனா கொஞ்ச பேர் டெலிகிராம்ல ஐடி வாங்கி வெளிநாட்டு சைட்டுக்குப் போயிட்டாங்க. அங்க காசு மாட்டினா யார்கிட்டப் போய்க் கேக்கறது? இன்னும் கொஞ்ச பேர் ஆப்ஷன் டிரேடிங் பக்கம் திரும்பிட்டாங்க, பங்கு விலை ஏறுமா இறங்குமான்னு ஊகிச்சுக் காசு போடறது. இது எனக்கு அதைவிட பயம். இது சட்டப்படி சரி, அப்பாவே பெருமையாக் காசு தர்றாரு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுல, மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ (ஆப்ஷனும் சேர்ந்த டிரேடிங்) ஆடின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேர் நஷ்டம். அதுல 30 வயசுக்குக் கீழே இருக்கறவங்க பங்கு ஒரே வருஷத்துல 31ல இருந்து 43 சதவீதம் ஆயிருக்கு. இந்தக் கணக்கை நோட்டீஸ் போர்டுல ஒட்டி வெச்சேன். ஒருத்தன் படிச்சுட்டு, "அப்போ அந்த ஏழு சதவீதத்துல இருக்கணும் சார்"னு சொல்லிட்டுப் போறான்.

---

வடதுருவம், ஒஸ்லோ:

நோர்வேயில 2007 ஜூலை முதலாம் திகதியோட தனியார் சூதாட்ட மெசினெல்லாம் எடுத்தாச்சு. அதுக்கு முதல் பெட்டிக்கடை, பெரிய கடைத்தொகுதி எல்லா இடமும் நிண்டது. எங்கட ஆக்கள் சம்பளத்தை அதில விட்டதைக் கண்ணால கண்டனான். பிறகு அரச நிறுவனமான நோர்ஷ்க் திப்பிங் மட்டும்தான், பதிவு செய்த அட்டையோட, எல்லை வைச்சு. பின்னுக்கு வளர்ந்த பிள்ளையளுக்கு அந்த மெசின் எண்டால் என்னெண்டே தெரியாது. ஆனால் இங்க இன்னொண்டு இருக்கு. பந்தயம் கட்டுறவர் தனக்குப் பிடிச்ச விளையாட்டுக் கழகத்தைத் தெரிவு செய்தால் அவர் கட்டினதில ஒரு பங்கு அந்தக் கழகத்துக்குப் போகும். அதால என்ர மகள் அதைக் கெட்ட விசயமா நினைக்கேல்லை, கழகத்துக்கு உதவி எண்டுறாள். மெசினை எடுத்தது நல்லம். மற்றது எனக்குச் சரியாப் படேல்லை.

---

கொங்குப்பொண்ணு, மெல்பர்ன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வார்டன் சார், அந்த ஏழு சதவீதப் பையன் எம் பையனேதான். லண்டன் தம்பி, "தெரிஞ்சவன் வெல்லுவான்"ங்கற இடத்துல கை வைக்கணும்னு சொன்னீங்க. எப்படி வைக்கறது? நான் நர்சிங் படிச்சவ, அவனுக்குக் கணக்கு என்னைவிட நல்லா வரும். வெறும் வாயில சொன்னா எடுபடாது.

---

ஒழுங்கை, லண்டன்:

கணக்கு வருமெண்டால் நல்லதாப் போச்சு அக்கா. மகனை ஒரு பேப்பரோட இருத்துங்கோ.

ரெண்டு அணியும் சரிசமன் எண்டு வையுங்கோ, நாணயம் சுண்டுறமாதிரி. நியாயமா ஒரு டொலருக்கு 2.00 தர வேணும். கொம்பனி ரெண்டு பக்கத்துக்கும் 1.90 தான் போடும். அந்தப் பத்துச் சதம்தான் கொம்பனியின்ர லாபம். 100 டொலர் கட்டினால் சராசரியா 95 திரும்பும். இதுவரைக்கும் உங்கட மகன் ஒத்துக்கொள்ளுவான், "அஞ்சு வீதம்தானே, என்ர அறிவால அதை மேவுவன்" எண்டுவான்.

இப்ப அஞ்சைச் சேர்த்து மல்டி ஆக்கச் சொல்லுங்கோ. 1.90ஐ அஞ்சு தரம் பெருக்கினால் 24.76. 10 டொலருக்கு 247 டொலர் எண்டு ஆப்பில பெரிசாக் காட்டும், பெடியளின்ர கண் விரியும். நியாயமா வர வேண்டியது 2ஐ அஞ்சு தரம் பெருக்கினது, 32. அதாவது 320 டொலர். 24.76ஐ 32ஆல பிரிச்சால் 0.77. ஒரு டொலருக்கு 23 சதம் கொம்பனிக்கு. தனிப் பந்தயத்தில அஞ்சு வீதம் எடுத்தவன் மல்டியில 23 வீதம் எடுக்கிறான். அதாலதான் அக்கா எல்லா விளம்பரமும் மல்டியைப் பற்றியே வருது. ஒரே ஆட்டத்துக்குள்ள கோல், புள்ளி எல்லாத்தையும் சேர்க்கிற மல்டி இன்னும் மோசம், அதில கொம்பனி எவ்வளவு எடுக்குது எண்டு வெளியில இருந்து பெருக்கிப் பிடிக்கவும் ஏலாது.

என்ர வகுப்பில இதைச் செய்யேக்க நான் பேசாமல் நிப்பன். கல்குலேற்றரில அவையே தட்டி 0.77ஐப் பாக்கேக்க, பின் வாங்கில இருக்கிற பெடியள்தான் முதலில கோவப்படுவினம். சூது கெட்டது எண்ட கோவம் இல்லை, தங்களை ஏமாத்துறாங்கள் எண்ட கோவம். இந்த வயசுப் பிள்ளைக்கு அதுதான் வேலை செய்யும்.

---

கொங்குப்பொண்ணு, மெல்பர்ன்:

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உக்காந்தோம். அவனே எக்செல்ல போட்டுப் பார்த்தான். பத்து சேர்த்தா என்ன ஆகும்னு அவனாவே போட்டான், ஒரு டாலருக்கு 60 காசு கூட நிக்கலை. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டான்: "சரி, மல்டி வேண்டாம். நிஜமாவே ஃபுட்டி நல்லாத் தெரிஞ்ச ஒருத்தன் தனித்தனியாக் கட்டினா?" இதுக்கு என்ன சொல்ல?

---

ஒழுங்கை, லண்டன்:

நல்ல கேள்வி. அப்பிடியான ஆக்கள் இருக்கினம், மிகக் கொஞ்சப் பேர். கடையில எங்களுக்கு அவையைத் தெரியும். அவை சிலிப் தந்தால் தலைமை அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டுத்தான் ஏத்த வேணும். 200 பவுண் கேட்டால் "10 பவுண் மட்டும் எடு" எண்டு பதில் வரும். மெசினில சம்பளம் முழுக்க விடுற பெடியனுக்காக ஒருக்காலும் ஒருத்தரும் போன் எடுக்கச் சொன்னதில்லை. ஆப்பிலயும் இதேதான். தொடர்ந்து வெல்லுற கணக்கு எண்டால் அதின்ர எல்லையைக் குறைச்சுக்கொண்டே போவாங்கள், கடைசியில ஒரு டொலர், ரெண்டு டொலர்தான் கட்ட விடுவாங்கள்.

மகன் நம்பாட்டி உங்கட விக்டோரியாவிலயே சாட்சி இருக்கு. அங்க குதிரைப் பந்தயத்துக்கு, குறிப்பிட்ட தொகை வரைக்கும் பந்தயத்தை மறுக்கக் கூடாது எண்டு விதியே போட்டு வைச்சிருக்கினம். வெல்லுற ஆளைத் திருப்பி அனுப்பாத கொம்பனிக்கு அப்பிடி ஒரு விதி ஏன் தேவைப்பட்டது எண்டு அவனையே கேளுங்கோ. புட்டிக்கு அந்த விதி இல்லை. தெரிஞ்சவன் வெல்லலாம், வெண்டவுடன வெளியில. உள்ளுக்கு விட்டு வைக்கிறது ஆரை எண்டு அவன் யோசிக்கட்டும்.

இன்னொண்டு. அந்தக் கூட்டாளியின்ர அண்ணன் வெண்ட மல்டியின்ர ஸ்கிரீன்ஷொட்டைத்தான் எல்லாருக்கும் காட்டுவான். அவுஸ்திரேலியாவில பந்தயக் கொம்பனியள் மாசாமாசம் கணக்கு விவரம் அனுப்ப வேணும், எவ்வளவு கட்டினது, எவ்வளவு வெண்டது, எவ்வளவு விட்டது எண்டு. அது அவன்ர மெயிலில இருக்கும். அடுத்த சனிக்கிழமை வண்டியில வரேக்க, ஸ்கிரீன்ஷொட் வேண்டாம் அண்ணா, அந்த மெயிலைத் திறந்து காட்டுங்கோ எண்டு உங்கட மகனே கேக்கட்டும். நீங்கள் கேட்டால் காட்டமாட்டான்.